சத்தம் வராத வரி

ஆலங்கரையில் சங்கரவடிவு எழுதிய புரோகிராம்கள் யாவும் ஒரு கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளுடைய குரலிலேயே பேசத் தொடங்கின. முதலில் பேசியது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக் கம்ப்யூட்டர். அதற்கு ஸ்பீக்கர் என்று ஒன்று கிடையாது, இருந்தும் சர்க்கரை பார்க்க வந்திருந்த ஒரு பெரியவரின் ரிப்போர்ட் அச்சாகிக்கொண்டிருக்கும்போது, ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வதுபோல, "இந்த இடத்துல ஒண்ணு கூட்டினா சரியா வருது, ஏன்னு தெரியலை, வர்ற வரைக்கும் சரி, இருக்கட்டும்" என்றது. நிலையத்துக்காரர் பெரியவரைப் பார்த்தார், பெரியவர் நிலையத்துக்காரரைப் பார்த்தார். "சரியா வருதுன்னுதானே சொல்லுது, குடுங்க தம்பி, நான் இன்னும் காப்பி குடிக்கலை" என்று பெரியவர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் பால் சொசைட்டியும், பஸ் பாஸ் கவுண்டரும், சிவன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிற பெட்டியும், இரண்டு பள்ளிக்கூடங்களின் மார்க் பட்டியலும் அதே குரலில் பேசின. வடிவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குடைக்கடை மாடியில் ஐசக் துரை நடத்திய நான்கு பேர் கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தாள், அந்தப் பதினான்கு வருஷத்தில் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த யாரும் சொன்ன தேதிக்கு மேல் ஒரு நாள் காத்திருந்ததில்லை, அவள் கை அத்தனை வேகம், ஐசக் துரை புதிதாக வருகிற வாடிக்கையாளர்களிடம் அவளைக் காட்டி, "இந்தம்மா உக்காந்தா எந்திரிக்கும்போது வேலை முடிஞ்சிருக்கும்" என்று சொல்வார், அவளும் அதைக் கேட்டுக்கொண்டு தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பாள். ஆகவே ஊர் முழுக்க அவள் வரிகள்தான் ஓடின, ஊர் முழுக்க அவள் குரல்தான் கேட்டது.

குரல் என்ன சொல்கிறது என்பதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை, நான்கு நாளில் ஊருக்கே தானாகப் புரிந்துவிட்டது: ஒரு புரோகிராமில் ஒரு வரி ஓடும்போது, அந்த வரியை எழுதிய நேரத்தில் வடிவு மனசுக்குள் என்ன நினைத்தாளோ அது வெளியே வந்தது. கோயில் பெட்டி, நட்சத்திரம் கேட்கிற இடத்தில், "மணி மூணாகுது, இன்னும் சாப்பிடலை" என்று சொல்ல, அர்ச்சனைக்கு வந்தவர்கள் அதைத் தாங்கமாட்டாமல் பிரசாதப் புளியோதரையை இலையில் கட்டிக் குடைக்கடை மாடிக்குக் கொடுத்தனுப்பினார்கள், ஒரு வெள்ளிக்கிழமை இருபத்தாறு பொட்டலம் சேர்ந்தது. பால் சொசைட்டிப் பெட்டி கொழுப்பு அளவைக் கணக்கிடும்போதெல்லாம், "ஐசக் சார் வர்றதுக்குள்ள முடிச்சிரணும்" என்றது, பால்காரர்களும் கேனை இறக்கி வைக்கும்போது ஐசக் சார் வந்துட்டாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. காய்கறிக்கடையில் வடிவு அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டதும் கடைக்காரம்மா தராசை நிறுத்திவிட்டு, "நீங்கதானே பஸ் பாஸ்ல பேசுறது? சளிக்குக் கற்பூரவல்லி போட்டுக் குடிங்கம்மா, நாலு வருஷமா சளியா இருக்கு உங்களுக்கு" என்றாள்.

பஸ் பாஸில் அவள் மாமியாரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, மாமியார் வரிசையில் நின்று அதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்து மூன்று நாள் பேசாமல் இருந்தாள். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் உதயசங்கர், கோயில் பெட்டியில், பெயர் அச்சாகிற இடத்தில், "அவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லை" என்று அவள் குரல் சொன்னதைக் கேட்டான். கேட்டுவிட்டு வந்து சாப்பிட்டான், மறுநாளும் சாப்பிட்டான், அதற்கு மறுநாள் தட்டைப் பார்த்தபடியே, "எதை எங்கிட்ட சொல்ல வந்தே?" என்று கேட்டான். வடிவுக்கு ஞாபகமில்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய வரி அது.

ஊர் பழகிவிட்டது, அவளால்தான் பழகமுடியவில்லை. அலுவலகம் போகிற வழியில் எந்தக் கடையைத் தாண்டினாலும் தன் குரல் கேட்டது, அந்தக் குரல் எந்த இடத்திலும், இது எனக்கு நன்றாகப் புரிகிறது, இது சரி, என்று ஒரு தரமாவது சொல்லவில்லை. அப்புறம் பார்த்துக்கலாம் என்றது, யார் பார்க்கப்போறாங்க என்றது, போன தடவை எழுதினதையே இங்கேயும் போட்டிரலாம் என்றது. அப்புறம் என்கிற வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறாள் என்று பஸ் பாஸ் வரிசையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணினார்கள், ஒரு பாஸுக்குப் பதினேழு தடவை வந்தது. தான் வேலையில் கெட்டிக்காரி என்பதுதான் வடிவு தன்னைப் பற்றிச் சந்தேகமில்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம், அது பதினேழு விரலாக மடங்கிப் போனதை அவள் வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவள் ஐசக் துரையிடம் போனாள்.

"சார், எனக்கு ஆறு மாசம் வேணும். புதுசு எதுவும் வேண்டாம். பழசை எல்லாம் உக்காந்து படிச்சுத் திருத்தணும்."

"என்னத்தத் திருத்தப்போறே? ஏதாவது ஓடாம நிக்கிதா?"

"ஓடுது சார். ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியலை."

ஐசக் துரை கெட்டவர் இல்லை, வேலை பார்க்கிறவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் தீபாவளிக்கு வேட்டி சேலையும் கொடுக்கிறவர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: பக்கத்து ஊர்களிலிருந்து ஒன்பது பேர் பேசுகிற புரோகிராம் வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள், ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஒரு மெஷின் மனுஷி மாதிரி பேசினால் அவர்களுக்குத் துணையாக இருக்கிறது, ஆகவே திருத்துவதை எல்லாம் விட்டுவிட்டு, இனிமேல் எழுதும்போது மட்டும் கொஞ்சம் நல்ல நினைப்பாக நினைத்துக்கொண்டு எழுதினால் போதும். வடிவு அதையும் செய்து பார்த்தாள். துணிக்கடை ஒன்றுக்கு, வாங்க வாங்க நல்லா இருக்கீங்களா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூன்று நாள் எழுதினாள். எழுதியதில் மனசு இல்லாததால் அந்தப் புரோகிராம் வருகிறவர்களை எல்லாம் அன்பாக நலம் விசாரித்துவிட்டு ஜாக்கெட் துணிக்கு வேட்டியின் அளவைப் போட்டது.

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஜெபஷீலா என்கிற நர்ஸ் மாடியேறி வந்தாள். வடிவைவிட ஆறேழு வயது இளையவள், பச்சைப்பிள்ளைகள் வார்டில் வேலை, மாதம் திகையுமுன் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். டியூட்டி உடுப்போடேயே வந்திருந்தாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, எங்க வார்டுல நீங்க எல்லா இடத்துலயும் பேசுறீங்க. எடையைப் போடுற இடத்துல, கிலோவுலதான் போடுவாங்கன்னு சொல்றீங்க. பேர் போடுற இடத்துல, பேர் வைக்காத பிள்ளைக்கு என்ன பேர் போடுறது, அம்மா பேரையே போட்டிரலாம்னு சொல்றீங்க. மருந்து அளவு வர்ற இடத்துல மட்டும் சத்தமே வரமாட்டேங்குது."

"சத்தம் வரலைன்னா?"

"ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம் சும்மா இருக்கு. அப்புறம் அளவு வருது. ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். அந்த இடத்துல நீங்க என்ன நினைச்சீங்க?"

வடிவு யோசித்தாள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைத்த இடம் தெரிந்தது, பயந்த இடம் தெரிந்தது, அந்த இடம் தெரியவில்லை. அதை எழுதியது ஒரு சனிக்கிழமை, திங்கட்கிழமை வார்டு திறப்பு விழா, ஆகவே பெரியவர்களுக்காக வேறொரு மருத்துவமனைக்கு ஏற்கெனவே எழுதியிருந்ததிலிருந்து மருந்துக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே ஒட்டியிருந்தாள், எடுக்கும்போதும் ஒட்டும்போதும் அவள் எதையுமே நினைக்கவில்லை, கை மட்டும்தான் வேலை செய்தது. நினைப்பே இல்லாத இடத்தில் குரலுக்குச் சொல்ல என்ன இருக்கிறது.

ஜெபஷீலா நிற்க நிற்கவே அவள் அந்த வரியைத் திறந்து படித்தாள். பதினைந்து வார்த்தைகூட இல்லாத வரி. எடையை முழுக் கிலோவாக மாற்றிக்கொண்டு மருந்தைப் பெருக்கச் சொல்லியிருந்தது. பெரியவர்களுக்கு அதில் தப்பில்லை, அறுபத்திரண்டரைக் கிலோ ஆளை அறுபத்து மூன்று என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றரைக் கிலோப் பிள்ளையை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொண்டால், மூன்று சொட்டு போகவேண்டிய உடம்புக்கு நாலு சொட்டு போகும்.

"எந்த மருந்துக்கு இதைப் பார்ப்பீங்க?" என்று வடிவு கேட்டாள், தன் குரல் ஊரில் எங்கோ கேட்பதுபோல அவளுக்குத் தூரத்தில் கேட்டது.

ஜெபஷீலா மருந்தின் பேரைச் சொன்னாள். ரத்தத்தில் விஷம் ஏறிய பிள்ளைகளைக் காப்பாற்றுகிற மருந்து அது. அளவு மீறி நாள் கணக்காகப் போனால் காதைத் தின்றுவிடுகிற மருந்தும் அதுதான். "நான் டியூட்டியில இருந்தா தாள்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துருவேன் அக்கா, வித்தியாசம் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக் குறைச்சிருவேன், ஸ்கிரீன்ல ஏதோ தட்டும்போது தப்பாப் போச்சுன்னு நினைச்சுக்குவேன். நான் இல்லாத நாள்ல…" என்றவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானமே வார்டில் கம்ப்யூட்டரை நிறுத்தித் தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஐசக் துரை அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்துவிடு, நாலு வருஷத்துக்கு முந்தி நடந்ததை எல்லாம் யார் கிளறப் போகிறார்கள், நாலு குடும்பம் இந்த மாடியை நம்பி இருக்கிறது என்று சொன்னார். வடிவு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். அவளும் ஜெபஷீலாவும் நாலு வருஷத்துப் பதிவேடுகளை விரித்து வைத்து ஐந்து நாள் படித்தார்கள். தாளில் சரிபார்க்காமல் அந்த மருந்து போன பிள்ளைகள் பத்தொன்பது பேர், எடையைக் கீழ்க் கிலோவாக எடுத்ததால் அளவு குறைந்துபோன எட்டுப் பேருக்கு டாக்டர்கள் வேறு மருந்து மாற்றிப் பிழைக்கவைத்திருந்தார்கள், மீதிப் பதினொரு பேருக்கு அதிகம் போயிருந்தது. விசாரித்ததில், பதினொரு பேரில் எட்டுப் பேர் நன்றாக இருந்தார்கள், இரண்டு குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. பதினொன்றாவது வரியில், மாரிக்கனியின் பெண் குழந்தை, ஒரு கிலோ ஐநூற்று இருபது கிராம், பன்னிரண்டு நாள், என்று இருந்தது.

மாரிக்கனி ரெடிமேட் கம்பெனியில் பட்டன் வைக்கிறவள், வீடு வண்டிப்பேட்டைக்குப் பின்னால். வடிவு வாசலில் நின்று, "மாரிக்கனி இருக்காங்களா?" என்று கேட்டதுமே உள்ளேயிருந்து, "பஸ் பாஸ் அக்காவா?" என்று குரல் வந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்த பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. நிழல் விழுந்ததும்தான் அது நிமிர்ந்தது.

வடிவு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சனிக்கிழமையையும் சொன்னாள், ஒட்டியதையும் சொன்னாள், ஒன்றரைக் கிலோவை இரண்டாக எடுத்ததையும் சொன்னாள். பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தாலே காது போவது உண்டு, இதனால்தான் என்று சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். மாரிக்கனி கடைசிவரை கேட்டாள். குக்கர் மூடி தலைமாட்டில் விழுந்தும் பிள்ளை அசையாமல் தூங்கிய அன்று தனக்குத் தெரிந்தது என்று மட்டும் சொன்னாள்.

"உங்க சத்தத்தை ஊரே கேட்டிருக்கு," என்றாள். "கேக்காத ஒரே ஆளு இவதான்."

"நான் மன்னிப்புக் கேக்க…"

"கேக்காதீங்க. நீங்க கேட்டுட்டுப் போயிருவீங்க. அது இந்த வீட்டுக்குள்ளயே கிடக்கும், காலையில எந்திரிச்சு நான்தான் கூட்டி அள்ளணும்." மாரிக்கனியின் குரல் உயரவில்லை. "இவ பேரு தெரியுமா உங்களுக்கு?"

வடிவுக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் இருந்தது தாயின் பேர்தான், பேர் வைக்காத பிள்ளைக்குத் தாயின் பேரைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்ததும் அவள்தான்.

"கனிஷ்கா," என்றாள் மாரிக்கனி. "என் பேர்ல பாதியை எடுத்து அவங்கப்பா வச்சது. போய்ட்டு வாங்க."

அதன் பிறகு வடிவு வார்டை ஒட்டிய சிறு அறையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதினாள், அதற்கு ஒன்பது நாள் ஆனது, அவள் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. எழுதுவதற்கு முன்னால் ஜெபஷீலா ஒரு நோட்டில் எழுநூறு கிராமிலிருந்து நாலு கிலோ வரைக்கும் நாற்பது எடைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மருந்து என்று கையால் கணக்கிட்டு, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். நாற்பதுக்கும் புரோகிராம் அதே பதிலைச் சொன்னால்தான் வார்டுக்குள் போகும், ஒன்று பிசகினாலும் போகாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதல் நாள் எழுதியது நாற்பதுக்கும் சரியான பதிலைச் சொல்லிவிட்டு, "சீக்கிரம் முடிச்சிட்டா தப்பிச்சிரலாம்" என்றது. ஜெபஷீலா வடிவைப் பார்த்தாள், வடிவே அழித்துவிட்டாள். இரண்டாம் நாள், "எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்க" என்றது, அழித்தாள். மூன்றாம் நாள் வரி, "நான் அப்படி ஒண்ணும் கெட்டவ இல்லை" என்று அழுதது, அதைக் கேட்கச் சகிக்காமல் அவள் எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து அழித்தாள்.

ஆறாம் நாள் ஜெபஷீலா, "பதில் சரியாத்தான் வருதே அக்கா, போட்டிரலாமா, இங்க தாள்ல போட்டுப் போட்டு எங்களுக்கும் கை ஓயுது" என்று கேட்டாள்.

"பதில் சரியா இருக்கு. எழுதும்போது நான் பிள்ளையை நினைக்கலை, என்னையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த மாதிரி எழுதினதுதான் ஊர் பூராவும் ஓடுது."

ஏழாம் நாள் அவள் எதையும் எழுதாமல் ஒரு பகல் முழுக்க வார்டில் நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்துத் தராசில் வைக்கிறதையும், எண் நிற்கிறவரை நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொள்கிறதையும், ஐந்து கிராம் ஏறியிருந்தால் தாய் அழுகிறதையும் பார்த்தாள். கிராம் கணக்கில் சந்தோஷப்படுகிற அந்த இடத்துக்குக் கிலோவில் எழுதிக் கொடுத்திருந்தவள் தான் என்பது அப்போதுதான் அவள் உடம்பில் இறங்கியது. ஒன்பதாம் நாள் காலை அந்த வரியை எடைகளைக் கிராமாகவே வைத்து, ஒவ்வொரு வார்த்தையும் எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுதினாள், ஜெபஷீலா நோட்டைப் பார்த்து நாற்பது எடையையும் ஒவ்வொன்றாகப் போட்டாள், நாற்பதும் சரியாக வந்தன, நாற்பது தடவையும் அந்த வரி ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னது. அது முணுமுணுப்பாக இல்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

"கனிஷ்கா."

ஜெபஷீலா நோட்டை மூடினாள். அதை அழிக்கவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அன்றே வடிவு நடந்ததை எல்லாம் மூன்று பக்கம் எழுதி மருத்துவமனைக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் கொடுத்தாள், எழுதும்போது உதயசங்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஜெயிலுக்குப் போவியா என்று கேட்டான், தெரியலை என்றாள், சரி எழுது என்றான். மாரிக்கனி குடும்பம் வழக்குப் போட்டது, அதில் மருத்துவமனை முதலில், ஐசக் துரை இரண்டாவது, சங்கரவடிவு மூன்றாவது. ஐசக் துரை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார், வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை, எடுத்தால் அந்தப் புரோகிராம்களைப் படிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது.

விஷயம் தெரிந்த பிறகு ஆலங்கரை வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. அதுவரை குரல் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது குரல் எங்கே வரவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். புளியோதரை வந்த அதே படிகளில் ஆட்கள் ஏறி வந்தார்கள்: பால் சொசைட்டியில் மூன்றாவது இடத்தில் சத்தமில்லை என்றார் ஒருவர், பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் கணக்குப் பாடத்துக்கு மட்டும் சத்தமில்லை என்று ஒரு டீச்சர் வந்து சொன்னார், ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரர் ஏழு இடங்களைச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தார். கோயிலில் பூசாரி அர்ச்சனைச் சீட்டை நிறுத்திவிட்டு, வந்தவர்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்தப் பெட்டியை இரண்டு மணி நேரம் கேட்டார். வடிவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள், தை மாதம் முடியும்போது இருநூற்றுப் பன்னிரண்டு இடம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் அவளால் முடிந்தது, சில இடத்துக்கு ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் அந்த வரி யாருக்காக ஓடுகிறதோ அவரிடம் போய் நின்று பார்க்காமல் அவள் இப்போது எதையும் தொடுவதில்லை, பால் கறக்கிற இடத்தில் போய் நின்றாள், மார்க் குறைந்த பிள்ளைகளின் விடைத்தாளை வாங்கி ஒன்று ஒன்றாகக் கூட்டினாள். ஒன்றைத் திருத்துவதற்குள் மூன்று சத்தமில்லாத இடங்களைச் சொல்ல ஆள் வந்தது. முடிக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சில நாள் காலையில் குடைக்கடைப் படிக்கட்டின் கீழே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறுவதற்கு வெகுநேரம் ஆகும்.

பச்சைப்பிள்ளைகள் வார்டில் தாய்மார்கள் தராசு பக்கத்தில் கேட்கிற பேரைப் பற்றி ஜெபஷீலாவிடம் கேட்டார்கள். சிலர் அது ஏதோ அம்மன் பேர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அம்மன் இல்லை, வண்டிப்பேட்டையில இருக்கிற ஒரு பிள்ளை," என்று ஜெபஷீலா நடந்ததைச் சொல்வாள். கேட்டவர்கள் தராசில் கிடக்கிற தங்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள், பிறகு அவர்களும் மருந்தின் அளவைத் தாளில் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

பங்குனியில் ஒரு நாள் காலை, கோர்ட்டில் வாய்தா தள்ளிப்போன பிறகு, மாரிக்கனி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். தராசு பக்கத்தில் கேட்கிற பேரைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வடிவு அப்போது உள்ளே, கதவை ஒட்டி, ஒரு பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு நின்றாள். மாரிக்கனி அவளைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டவில்லை. ஜெபஷீலாவிடம், "நான் கேக்கணும்" என்றாள்.

ஜெபஷீலா அவளைத் தராசுக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்தாள். கனிஷ்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் பையிலிருந்த ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சுவர் ஓரமாகப் பத்துப் பதினைந்து தாய்மார்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து தராசில் வைத்தார்கள், ஒன்று நானூற்று அறுபத்தைந்து, ஜெபஷீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள், குரல் வந்தது.

"கனிஷ்கா."

ஜெபஷீலா தன்னையறியாமல் தரையில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்த பக்கத்துத் தாயும் பார்த்தாள், புரிந்துகொண்டாள், அவளைப் பார்த்து அடுத்தவள், அப்படியே சுவர் ஓரம் முழுக்க ஒரு முகம் பாக்கியில்லாமல் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பியது. ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் ஏதோ ஒன்று மாறியதை உணர்ந்து நிமிர்ந்தாள். இத்தனை முகங்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள். பிறகு, யாரோ தன்னை வாவென்று கூப்பிட்டிருக்கிறார்கள், யார் என்றுதான் தெரியவில்லை என்பதுபோல எழுந்து நின்று, தராசை நோக்கி இரண்டடி நடந்தாள்.

மாரிக்கனி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிள்ளை பிறந்த இந்த மூன்று வருஷத்தில் பேர் சொன்னதும் அது எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. கதவோரம் நின்ற வடிவுக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மாரிக்கனி, "இன்னொரு தடவை சொல்லுமா?" என்று கேட்டாள்.

"அடுத்த பிள்ளையை நிறுக்கும்போது சொல்லும்," என்றாள் ஜெபஷீலா.

"அது எப்போ?"

"பாலூட்டி முடிச்சுத்தான். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

மாரிக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பிள்ளையைத் தூக்கி, தராசைப் பார்த்தமாதிரி மடியில் உட்காரவைத்துக்கொண்டு, காத்திருக்க ஆரம்பித்தாள்.